எட்டாம் நம்பர் பாட்டில்

அத்தியாயம் 7-ஏ

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஞானசௌந்தரிக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் குற்றம் அல்ல, குப்பை. சேலையூர் கேம்ப் ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த அவளுடைய துப்பறியும் ஆபீஸை நான்கு நாட்களாக யாரும் பெருக்கவில்லை. மேஜையில் விரலை வைத்தால் கோலம் போடலாம் என்ற நிலைமை. பெருக்கும் காந்திமதியின் போனோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஞானசௌந்தரி இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைப் பிடித்தவள். எரியாத கடை, திருடு போகாத கார், சாகாத ஆசாமி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மனித ஜாதியைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அதற்கப்புறம்தான் சொந்தமாக ஏஜென்சி ஆரம்பித்தாள். அது அவ்வளவு நல்ல முடிவு அல்ல.

"அக்கா, ஆள இட்டாந்துட்டேன்" என்றபடி படியேறி வந்தான் சேட்டு. முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர், இந்நாள் உதவியாளர். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்து ஆள். வண்டி ஓட்டிய காலத்தில் சிக்னலுக்கு நின்றிருக்கிறான். வாய் எதற்கும் நின்றதில்லை. "பக்கத்துத் தெருவுலதான் வூடு. கதவச் சாத்திகினு குந்தினு இருந்துச்சு."

அவனுக்குப் பின்னால் காந்திமதி. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு சாக்குப் பை.

"போனை ஏன் அணைச்சு வெச்சிருக்கே?"

காந்திமதி போனை உயிர்ப்பித்து நீட்டினாள். அவள் வேலை செய்யும் அடுக்குமாடி குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை காலை ஏழு பத்துக்குப் போட்டது. ஞானசௌந்தரி சத்தமாகப் படித்தாள்.

"வீட்டு வேலை செய்யும் காந்திமதி மது அருந்திவிட்டுப் பணிக்கு வந்து, எங்கள் வீட்டு மருந்து பாட்டில்களை உடைத்துவிட்டார். ஞாயிறு மாலை ஐந்து மணிக் கூட்டத்தில், கேட் ஆப்பில் இவரது நுழைவை நிரந்தரமாகத் தடுக்கத் தீர்மானம் கொண்டு வரப்படும். இவண், சூர்யநாராயணன், தலைவர்."

"இவண்ணா இன்னாக்கா?" என்றான் சேட்டு.

"பெரிய மனுஷன்னு அர்த்தம். சும்மா இரு. காந்திமதி, நடந்ததைச் சொல்லு."

"செவ்வாக்கெழம பதினோரு மணிக்கா. ஏழு-ஏ வூட்டுல ஹாலத் தொடச்சிகினு இருந்தேன். வூட்டுல யாரும் இல்ல. மூடிக்கீற ரூமுக்குள்ள பட்டுபட்டுன்னு வெடிக்குது. ஓடிப்போய்ப் பாத்தா, அலமாரிக்குள்ளேர்ந்து தண்ணி ஊத்துது, கீழ பூரா கண்ணாடி. பாவம், அவங்க வந்தா காலுல குத்துமேன்னு வாரினேன், தொடச்சேன். பொடவையெல்லாம் ஊறிப்போச்சு. லிப்டுல எறங்கறேன், கூட வந்த அம்மா மூக்கப் பொத்திக்கினாங்க. அவ்ளோதான்க்கா. அன்னிக்கே சொன்னேன், தானா வெடிச்சுதுன்னு. யாரும் நம்பல."

உதவி செய்தவளின் புடவை நாற்றமே அவளுக்கு எதிரான சாட்சி. இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கிளெய்மை ஞானசௌந்தரி பார்த்ததில்லை.

"ஏழு வூடு செய்றேன்க்கா அங்க. வேல போனாக் கூட வேற பாத்துக்குவேன். எம் புருஷன குடிதான் தின்னுச்சு. பதினாலு வருஷம் அந்த நாத்தத்துல கெடந்தேன். என்னியப் போயி குடிகாரின்னு..."

ஞானசௌந்தரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைக் கேட்டாள். "பையில என்ன?"

"ஒடஞ்ச கண்ணாடி. குப்பை வண்டிக்காரன் கண்ணாடி வாங்க மாட்டேன்னுட்டான். எடுத்துக்கினு போயிடுன்னாங்க."

சாக்கைப் பிரித்தால் எறும்பு, சாரை சாரையாக. கம்பிக் கொக்கி போட்ட மூடிகள், தடிமனான பழுப்புக் கண்ணாடித் துண்டுகள். ஒரு துண்டில் கையால் எழுதிய ஸ்டிக்கர்: 'தேன் அரிஷ்டம் - 5'. அதே துண்டின் உள்பக்கம் ஒரு சின்ன இலை காய்ந்து ஒட்டியிருந்தது. ஞானசௌந்தரி அதை முகர்ந்தாள். பிறகு சேட்டுவின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"அக்கா, இது அரிஷ்டம்னா நான் கலெக்டரு" என்றான் சேட்டு. "இது சரக்கு. ஆனா சுக்கு வாசன வருது. சளி புடிச்ச சரக்கா கீது."

மத்தியானம் இரண்டரைக்கு அந்தக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நின்றார்கள். வரிசையாகக் கதவுகள். ஏழு. அடுத்தது ஏழு-ஏ. அதற்கடுத்தது ஒன்பது.

"எட்டு எங்கக்கா பூட்ச்சி?" என்றான் சேட்டு. "இத கட்டுனவன் பள்ளிக்கூடத்துல எட்டு நடத்துன அன்னிக்கு லீவு போட்டுகினானா?"

கதவைத் திறந்தவன் பிரணவ். கேளம்பாக்கம் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, முப்பத்திரண்டு வயது, செதுக்கிய தாடி. ஞானசௌந்தரி ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடித் துண்டை உயர்த்திக் காட்டினாள்.

"இதுல இருந்தது என்னன்னு வாசல்ல வெச்சுப் பேசலாமா, உள்ள வெச்சுப் பேசலாமா? எதிர் வீட்டுக்குக் காது நல்லாக் கேட்குமா?"

பிரணவ் கதவை அகலமாகத் திறந்தான்.

ஹாலில் சாய்வு நாற்காலியில் அவனுடைய மாமனார் சூர்யநாராயணன், ரிட்டயர்டு சூப்பரிண்டெண்ட், குடியிருப்போர் சங்கத் தலைவர். மடியில் அட்டை, அட்டையில் தீர்மானம். சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் 'இவ்வளாகத்தில் மது, புகை அறவே கூடாது' என்று அடிக்கோடு போட்டு எழுதியவர் இவர்தான்.

"காந்திமதி தரப்பா? பேஷ். குடிச்சுட்டு வர்றவாளுக்கும் வக்கீல் கிடைக்கறது" என்றார். ஒரு நீளமான ஏப்பம் விட்டார். "நாலஞ்சு நாளா இந்த விவகாரத்துல எனக்குத் தூக்கமே இல்லை. வயித்துல காஸ் வேற. அதுக்கு முன்னாடி பத்துப் பன்னெண்டு நாள் குழந்தை மாதிரி தூங்கிண்டிருந்தேன். சொல்லுங்கோ, ஒரு மனுஷன் நிம்மதியா இருக்கப்படாதா?"

அவர் மகள் மிருதுளா இரண்டு டம்ளரோடு வந்தாள். வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்பதற்காக விருந்தோம்பலை விட்டுவிட முடியுமா? "பானகம், எடுத்துக்கோங்க. நேத்து சனிக்கிழமை, பெருமாளுக்கு நைவேத்யம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாதான் பண்ணுவார். வேற யாரையும் கிட்ட விடமாட்டார்."

வெல்லம் தூக்கல். சுக்கும் ஏலக்காயும் தொண்டையில் இறங்கின. மேலே ஒரு துளசி இலை மிதந்தது. ஞானசௌந்தரி அந்த இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க ரூமைக் காட்டுங்க, பிரணவ்."

மூடிய அறைக்குள் போனதும் பிரணவின் குரல் மாறிவிட்டது. பயந்தவன் போல ஆரம்பித்தவன், இரண்டாவது நிமிஷத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தான். அவனுக்கு அது பொழுதுபோக்கு இல்லையாம், கலையாம். முதலில் பீர்தான் முயற்சி செய்தானாம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை வேகவைத்து, கசப்புக்கு ஏதோ பூவைப் போட்டு, பத்து நாள் வைத்துத் திறந்தால் புளித்த கஞ்சி.

"சென்னை வெயில்ல பீர் கஷ்டம். அதான் மீட். தேன்ல பண்ற மது. தொடங்கறவங்களுக்கு இதுதான் ஈசி" என்று ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டினான். அதன் வாயில் ரப்பர் அடைப்பு, அதில் ஒரு வளைந்த குழாய், குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். "ஒரு பங்கு தேன், மூணு பங்கு தண்ணி, யீஸ்ட். யீஸ்ட் சர்க்கரையைத் தின்னும், ஆல்கஹாலும் காஸும் விடும். காஸ் இந்தக் குழாய் வழியா குமிழி விட்டுப் போயிடும். குமிழி நின்னு, மிதவை வெச்சு அளந்து பார்த்து, சர்க்கரை தீர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சாதான் பாட்டில்ல அடைக்கணும். நான் மூணு வாரம் அளந்தேன், மேடம். மூணு வாரம்."

"நாங்க ஒரு ராத்திரில பழைய சோறு பண்ணிடுவோம்" என்றான் சேட்டு.

"வீட்ல மது தயாரிச்சா இந்த மாநிலத்துல கேஸு. யாரை ஜாமீனுக்குக் கூப்பிடறதுன்னும் அளந்து வெச்சிருக்கீங்களா?" என்றாள் ஞானசௌந்தரி. பிரணவின் தாடி கொஞ்சம் தொங்கினாற்போல இருந்தது. அவள் அலமாரியைத் திறந்தாள்.

கீழ்த்தட்டில் பன்னிரண்டு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் கிரேட். பதினொரு அறைகள் காலி. நடுவில் ஒரே ஒரு பாட்டில், கீறல் கூட இல்லாமல். ஸ்டிக்கரில் எட்டு. அவள் குனிந்து, மேல்தட்டுப் பலகையின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். பொடிப் பொடியாகக் கண்ணாடி, மரத்தில் ஏறி நின்றது.

"கையால உடைச்சா கண்ணாடி கீழ விழும். இது மேல போய்ப் பலகையைக் குத்தியிருக்கு. பாட்டில் தானா வெடிச்சிருக்கு. இது உங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்."

பிரணவ் நெற்றியைத் தேய்த்தான். "சந்தேகம் வந்தது. ஆனா என் பாட்டில் வெடிக்காது மேடம். வீட்லயே மது பண்றவங்களுக்குன்னு ஒரு குரூப் இருக்கு, அதுல நாற்பது பேர் இருக்காங்க. பாட்டில் வெடிக்கறது முதல் மாசக் கத்துக்குட்டி பண்ற தப்பு. நான் அதுல அட்மின்."

ஞானசௌந்தரி அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். நாற்பது பேர் சிரிக்கக்கூடாது என்பதற்காக ஒரு பெண்பிள்ளையைக் குடிகாரியாக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறான். இவனுக்குத் தேன் தந்த தேனீக்களுக்கு இருந்த ரோஷம் கூட இவனுக்கு இல்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப யாரோ பாட்டிலைத் திறந்து சர்க்கரை சேர்த்திருக்காங்க. உங்க யீஸ்டுக்கு மறுபடியும் இலை போட்டுப் பரிமாறியிருக்காங்க. தேன், தண்ணி, யீஸ்ட் தவிர நீங்க வேற எதாவது போட்டீங்களா? சுக்கு? துளசி?"

"சேச்சே."

"தேன் அரிஷ்டம்னு ஏன் எழுதினீங்க?"

"மாமா இருக்கார் இல்லையா. எங்க ஃப்ரெண்டு பண்ணின ஆயுர்வேத டானிக், ஜீரணத்துக்கு நல்லதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். அப்புறம் செவ்வாய்க்கிழமை ராத்திரி வீடே நாறித்து, வேற வழியில்லாம அது மதுதான்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். வெளில தெரியக்கூடாது, நான் பார்த்துக்கறேன்னார்."

"செவ்வாய் ராத்திரி" என்று ஞானசௌந்தரி மெதுவாகச் சொன்னாள். "அதாவது காந்திமதி மேல மெசேஜ் போடறதுக்கு முன்னாடி." எட்டாம் நம்பர் பாட்டிலை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

லிப்டில் சேட்டுவால் தாங்க முடியவில்லை. "யாருக்கா? மாப்ளையா? அந்தப் பொண்ணா? சொல்லுக்கா, மண்ட காயுது."

"ஒருத்தன் திருடிக் குடிச்சா, பாட்டில்ல குறையறதுக்கு எதை ஊத்தி நிரப்புவான்?"

"பைப்புத் தண்ணிய. எங்க தாத்தாவோட பாட்டிலுக்கு நான் அதத்தான் செஞ்சேன்."

"தண்ணி ஊத்தியிருந்தா ஒண்ணும் வெடிச்சிருக்காது. இதுல ஊத்தினது பானகம். திருடறவன் பானகம் ஊத்த மாட்டான் சேட்டு. மருந்துன்னு நம்பிச் சாப்பிடறவன்தான், தண்ணி ஊத்தினா மருந்து கெட்டுடும்னு, பானகத்தை ஊத்துவான்."

"சரி, பன்னெண்டுல எட்ட மட்டும் ஏன் உட்டு வெச்சான்?"

"மேல நீ கேட்டியே, எட்டு எங்கே போச்சுன்னு. அதையே மறுபடி கேட்போம். இந்தத் தடவை மைக்குல."

ஐந்து மணிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. தண்ணி லாரி பிரச்சினைக்கு ஒன்பது பேர் வந்த சங்கத்தில், இன்றைக்கு நாற்பத்தைந்து பேர். அடுத்தவள் மானம் போவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கூட விட்டுக்கொடுத்த தியாகிகள். காந்திமதி தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். அத்தனை நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

சூர்யநாராயணன் தீர்மானத்தைப் படித்து முடித்து, "ஆட்சேபம் உண்டா?" என்றார்.

"ஒரு சந்தேகம் உண்டு" என்று ஞானசௌந்தரி எழுந்தாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். "உங்க வீட்டு மருந்து. பன்னெண்டுல பதினொண்ணு வெடிச்சுது. இது ஒண்ணுதான் பிழைச்சது. இதைத் திறந்து வாசனை பார்த்துச் சொல்லுங்க, மருந்தான்னு."

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"உங்களுக்குத்தான் பழக்கம்."

கூட்டத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. சூர்யநாராயணன் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஜீரண மருந்துன்னு மாப்பிள்ளை சொன்னதை நம்பி, தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் எடுத்துக்கிட்டீங்க. ஒரே பாட்டில்ல எடுத்தா குறையறது தெரியும்னு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்லேர்ந்து. குறைஞ்ச இடத்துக்கு, சனிக்கிழமை மீந்த பானகம். வெல்லம் உள்ள போனதும் மறுபடி புளிச்சு, மூடின பாட்டிலுக்குள்ள காஸ் ஏறி வெடிச்சுடுச்சு. காந்திமதி கொண்டு போன கண்ணாடியில உங்க துளசி இலை இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

"துளசி எல்லார் வீட்லயும் இருக்கு" என்றார் அவர். குரலில் சூப்பரிண்டெண்ட் இன்னும் மிச்சமிருந்தார்.

"இருக்கு. ஆனா எட்டாம் நம்பரைத் தொடாத ஆள் எல்லார் வீட்லயும் இல்லை." அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இந்த பில்டிங்ல எட்டாம் நம்பர் வீடு எது? சொல்லுங்களேன்."

பின் வரிசையில் ஒருவர் இருமினார்.

"எட்டு சனின்னு தன் வீட்டுக் கதவுல ஏழு-ஏன்னு மாத்தினவர் உங்க தலைவர். வாசல்லயே எட்டை ஒட்டவிடாதவர் வயித்துக்குள்ள விடுவாரா? அவர் தொடாததால இது பிழைச்சுது. அவர் தொட்டதெல்லாம் வெடிச்சுது."

முதலில் சிரித்தது சேட்டு. அப்புறம் எங்கேயோ ஒரு அம்மாள். பிறகு கார் நிறுத்துமிடமே சிரித்தது. சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று புரிந்துவிட்டது.

"மருந்துன்னு நினைச்சுதான் சாப்பிட்டேன்" என்றார். "பெருமாள் சத்தியமா. வயசானவன், ஏமாந்துட்டேன். அதுக்குப் போய் சிரிக்கறேளே."

கூட்டத்தில் உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. இரக்கம் அவர் பக்கம் சாயப் பார்த்தது. ஞானசௌந்தரிக்கு இந்த இடம் அத்துப்படி. பொய் கிளெய்ம் போட்டவன் எல்லாம் கடைசியில் வயதைத்தான் நீட்டுவான்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஏமாந்தீங்க. ஒத்துக்கறேன். செவ்வாய் ராத்திரி உங்க மாப்பிள்ளை உண்மையைச் சொல்லிட்டார். இத்தனை நாள் குடிச்சது மதுன்னு தெரிஞ்சு போச்சு. குடிச்சது யாருங்கறதும் உங்களுக்கு மட்டும் தெரியும். புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு, காந்திமதி மது அருந்திவிட்டு வந்தார்னு எழுதினீங்க. அந்த மெசேஜை எழுதினது ஏமாந்தவரா?"

உச்சுக்கொட்டல் நின்றுவிட்டது. பிரணவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் ஒன்றும் இல்லை.

"தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் சூர்யநாராயணன். "ஆப்பிலயும் ஒண்ணும் பண்ண வேண்டாம். காந்திமதி, நீ நாளைக்கே வேலைக்கு வரலாம்."

காந்திமதி தூணைவிட்டு முன்னால் வந்தாள். "குரூப்புலதான சார் போட்டீங்க? குரூப்புலயே போடுங்க."

"அதான் எல்லார் முன்னாடியும் சொல்லியாச்சே."

"ஊருக்குப் போனவங்க, வேலைக்குப் போனவங்க எல்லாரும் அத படிச்சாங்க சார். அவங்க யாரும் இப்ப இங்க இல்ல. போடுங்க."

சூர்யநாராயணன் மகளைப் பார்த்தார். "எழுதுப்பா" என்றாள் மிருதுளா. அவள் குரலில் ஈரமே இல்லை. அவர் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக அடித்தார். நாற்பத்தைந்து பேரும் காத்திருந்தார்கள். அனுப்பியதும் கார்களுக்கு நடுவே போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. மிருதுளா தன் போனை எடுத்துக்கொண்டு வந்து காந்திமதியிடம் கொடுத்தாள்.

காந்திமதி நின்ற இடத்திலேயே வாய்விட்டுப் படித்தாள். "காந்திமதி குடிக்கவில்லை. பாட்டில்களை உடைக்கவும் இல்லை. குடித்தது நான்தான். இது புதன்கிழமையே எனக்குத் தெரியும்." மூன்றாவது வாக்கியத்துக்குத் திரும்பிப்போய் அதை மட்டும் இன்னொரு தரம் படித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பதினாலு வருஷம் எம் புருஷன கேட்டுகினே இருந்தேன் சார். வாயெல்லாம் நாறும், நான் குடிக்கலன்னுதான் சொல்லுவாரு. சாவுற வரைக்கும் இந்த ஒரு வார்த்தைய அந்தாளு வாயிலேர்ந்து நான் கேக்கல" என்றாள். "உங்க வூட்டுக்கு நான் வரல. மத்த ஆறு வூட்டுக்கும் நாளைக்கு வரேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞானசௌந்தரியிடம் கையை நீட்டினாள்.

"ஆபீஸ் சாவியக் குடுக்கா. நாலு நாள் குப்ப கெடக்குதுன்னு சேட்டு அண்ணன் சொன்னாரு."